'ஒன்பது' என்னும் சொல்: சமூக ஊடக விதிகளும் திருநங்கையர் பாதுகாப்பும்

பின்னலாடை நகரமான திருப்பூரில் 'ஒன்பது' என்பது உருப்படிக் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் புழங்கும் எண். அதே சொல் திருநங்கை ஒருவரின் நிழற்படத்தின்கீழ் இடப்படும்போது வசையாகிறது. தமிழ் வழக்கறிந்தோர்க்கு எளிதில் விளங்கும் இவ்வேறுபாட்டைச் சொற்பட்டியலைக் கொண்டு இயங்கும் தானியங்கி வடிகட்டியால் அறிய இயலாது. எண்ணுப்பெயரைத் தடைசெய்யவும் இயலாது.

2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சொல்வழித் துன்புறுத்தலுக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை வகுத்தது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், பயனரின் முறையீட்டை 24 மணி நேரத்துக்குள் ஏற்று 15 நாள்களுக்குள் தீர்க்குமாறு தளங்களைப் பணித்தன. ஆயினும் முறையீட்டை முதலில் எடைபோடுவது தளத்தின் சொந்த விதியே. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் அவ்விதியைத் தளர்த்தி, பாலினத்தைக் காரணங்காட்டி ஒருவரை மனநோயர் எனக் கூறுவதற்கு இடமளித்தது.

சென்னை உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து தமிழக அரசு 2022இல் பால்புதுமையர், திருநர் ஆகியோரை மதிப்புடன் சுட்டுதற்குரிய சொற்களை அரசிதழில் வெளியிட்டது. எச்சொல்லால் அழைக்கவேண்டும் என்பதை அது காட்டுகிறது. எச்சொல் எச்சூழலில் வசையாகும் என்பதை வட்டார வழக்கறிந்த மதிப்பீட்டாளரே காட்ட இயலும். அத்தகையோர் இல்லாதவிடத்து, சட்டம் அளித்த பாதுகாப்பு முறையீட்டுப் படிவத்தோடு நின்றுவிடும்.