இருபத்துமூவாயிரம் எங்கே போச்சு?

மார்ச் முடிந்து இரண்டாம் நாள். விருதுநகர் பக்கம் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்கு மாதம் ஒருமுறை கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கடைக்கார அண்ணாச்சியின் நோட்டுப்படி வங்கியில் 1,86,400 ரூபாய் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் இருந்தது 1,63,218. "இருபத்துமூவாயிரத்துச் சொச்சம் எங்க சார் போச்சு? பேங்க்ல பிடிச்சுட்டாங்களா?" என்றார்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்: வங்கிச் சரிகட்டும் பட்டியல். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டோம். அந்தப் பட்டியலின் பல வரிகளுக்குப் பின்னால் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை.

நோட்டையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதற்கெல்லாம் டிக் போட்டோம். ஒரு மணி நேரத்தில் டிக் விழாமல் ஆறு நின்றன. ஒயர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 12,500 ரூபாய் செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. கடைக்கு வந்த 31,000 ரூபாய் செக் திரும்பிவிட்டது. அதற்கு அபராதம் ஜிஎஸ்டியோடு 354. சவுண்ட் பாக்ஸ் வாடகை 118. யுபிஐயில் வந்ததாக எழுதிய 2,350 வரவே இல்லை. கடைசியாக, அண்ணாச்சிக்கு நினைவே இல்லாத 1,860 ரூபாய் கார்டு செலவு.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் அவருக்கு உண்மையில் சொந்தமான தொகை 1,50,718. நோட்டு சொன்னதும் தப்பு, வங்கி காட்டியதும் அவர் நம்பிச் செலவழிக்கக்கூடிய தொகை இல்லை. ஸ்டேட்மென்ட்டை நம்பி 1,63,000-க்கு செக் எழுதியிருந்தால், மொத்த வியாபாரியின் செக் வரும்போது அண்ணாச்சியின் கணக்குதான் பல்லிளித்திருக்கும்.

திரும்பிய செக்குக்கு வருவோம். மார்ச் 12-ல் போட்டது, 13-ல் திரும்பியிருக்கிறது. "கிளியரிங்ல இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அந்தக் காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகளுக்கிடையே செக்குகள் தொடர் கிளியரிங்கில் ஓடுகின்றன. வேலைநாளில் நேரத்தோடு போட்ட செக் பெரும்பாலும் அன்றைக்கே தேறிவிடும், அல்லது திரும்பிவிடும். நாலு நாளாகியும் வரவு வைக்கவில்லை என்றால் கேட்கத்தான் வேண்டும்.

பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு கை கொடுக்கும். ஆனால் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கோர்ட்டுக்குப் போவதில் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் கெடுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு தவறினாலும் செக்கின் மூன்று மாத ஆயுளுக்குள் மறுபடி போடலாம்; மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. செக் திரும்பிய மார்ச் 13-லிருந்து எண்ணினால் அண்ணாச்சிக்கு ஏப்ரல் 12 வரை, பத்தே நாள் மிச்சம்.

1,860 ரூபாய் கதை வேறு. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியே யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலைநாள் என்றால், சிறு தொழில் நடப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில். அதற்கு மேல் அந்தந்த வங்கியின் கொள்கை. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். ஓடிபியை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும், புகார் செய்யும்வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். அண்ணாச்சிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, 19-ஆம் தேதியே. வங்கியில் பதிந்த நம்பரை கோயம்புத்தூரில் படிக்கிற மகன் வைத்திருக்கிறான். அவன் விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறான். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பது வரிக்கு உதவும். இந்த மாதிரி திருட்டுக்கு வாரம் ஒருமுறைகூடத் தாமதம்தான்.

யுபிஐ 2,350-க்குச் சாட்சி ஒரு ஸ்கிரீன்ஷாட். அது போலியாக இருக்கலாம். உண்மையாகவே வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, கடைக்குச் சேராமல் நின்றும் இருக்கலாம். அப்படியானால் ஐந்து நாளுக்குள் தானாக அவருக்கே திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட கெடு அது. பணம் திரும்பி வந்தது வாடிக்கையாளருக்கே தெரியாமல் இருக்கும். பன்னிரண்டு இலக்க யுடிஆர் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், சண்டை வேண்டாம். நாள் முழுக்க விற்றும் யுபிஐ வரவே இல்லை என்றால், கல்லாப் பக்கம் ஒட்டிய க்யூஆர் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வரவு சேர்ந்தாலும் தொல்லை உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, பொருள் விற்பனைக்கு 40 லட்சம் என்ற ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியதாகச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் சில கடைகள் 'ரொக்கம் மட்டும்' என்று போர்டு வைத்தன. வங்கிக்கு வந்ததெல்லாம் விற்பனை இல்லை. மச்சான் கொடுத்த கைமாற்று இருக்கும், சீட்டு எடுத்த பணம் இருக்கும். அது எது என்று நோட்டில் அன்றைக்கே எழுதியவர் பதில் சொல்லிவிடுவார். மோசடிப் பணத்தில் யாரோ உங்களிடம் ஃபேன் வாங்கி, போலீஸ் கேட்டு வங்கி உங்கள் கணக்கை நிறுத்தினாலும், அந்த வரவுக்கு நேரே எழுதிய பில் நம்பர்தான் பேசும்.

வங்கியிடம் புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம், விவரம் கேட்க 14448. பணம் திருடு போனது இப்போதுதான் தெரிந்தது என்றால் முதலில் 1930-க்குப் போன்.

செக் கொடுத்தவரை அன்று மாலையே கூப்பிட்டோம். "மறுபடி போடுங்க அண்ணாச்சி, இந்தத் தடவை பாஸாயிடும்" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். கிளைக்குப் போய் ரிட்டர்ன் மெமோவை வாங்கிவரச் சொன்னேன். 6-ஆம் தேதி நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில் போனது. மகனிடமிருந்த நம்பரை மாற்ற, அதே கவுண்டரில் இன்னொரு படிவம்.