ஊர்க்குப்பையில் ஓடிய டைனமோ

1897 ஜூன் 28 அன்று லண்டனின் ஷோர்டிட்ச் பகுதியில் ஒரு மின் நிலையத்தைத் திறந்துவைத்தவர் இயற்பியல் மேதை கெல்வின் பிரபு. நிலையம் அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். எரிபொருள், அந்த மன்றமே தெருத்தெருவாக அள்ளிவந்த குப்பை.

மேசை நாற்காலி செய்யும் தச்சுப் பட்டறைகள் நெருக்கியடித்திருந்த வட்டாரம் அது. குப்பையைக் கொட்ட இடமில்லை. தெருவிளக்குக்கும் பட்டறை மோட்டார்களுக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டு தேவைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள்.

குப்பை எப்படி எரிந்தது? அன்றைய லண்டன் வீடுகளில் கணப்புக்கும் சமையலுக்கும் நிலக்கரிதான். அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பலில் பாதி எரிந்த கரித்துண்டுகள் ஏராளமாகக் கிடக்கும். வரிசையாக 12 உலைகள். விசிறிகள் காற்றை அழுத்தி ஊதின. வெப்பம் பக்கத்துக் கொதிகலன்களுக்குப் போனது. என்றாலும் குப்பை மட்டமான எரிபொருள்தான். நல்ல நிலக்கரி தரும் நீராவியில் சிறு பங்குதான் அதிலிருந்து கிடைக்கும். மாலை நெருக்கடியில் நிலக்கரியும் போட வேண்டியிருந்தது.

என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொரு ஏற்பாடு. குப்பை நாள் முழுக்க வருகிறது. விளக்கோ இருட்டிய பிறகுதான் எரிகிறது. பகல் வெப்பத்தை என்ன செய்வது? பொறியாளர் ட்ரூயிட் ஹால்பின் வகுத்த முறைப்படி, கொதிகலனுக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பகலிலேயே மிச்ச நீராவியால் சூடாக்கி, பெரிய உருளைத் தொட்டியில் அழுத்தத்தோடு தேக்கிவைத்தார்கள். மாலையில் அந்தக் கொதிநீர் கொதிகலனுக்குள் போகும். பச்சைத் தண்ணீரைச் சூடேற்றும் வேலை மிச்சம். நெருப்பின் வெப்பம் முழுவதும் ஆவியாக்கவே செலவாகும். மின்சாரத்தைச் சேமிப்பது இன்றும் பெரும்பாடு. அதற்கு ஒரு மாற்றாக வெப்பத்தையே சேமிக்கலாம் என்று ஒரு வட்டார உள்ளாட்சி மன்றம் அன்றே துணிந்து பணம் போட்டது பெரிய காரியம்.

மிஞ்சிய வெப்பம் பக்கத்தில் எழுந்த பொதுக் குளியலறைகளுக்குப் போனது. வீட்டில் வெந்நீர் வசதியில்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கு அது வெளிச்சத்துக்குக் குறையாத வரம். ‘தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைக் கட்டட முகப்பில் பொறித்துக்கொள்ள அந்த மன்றத்துக்கு முழு உரிமை உண்டு.

1940-இல் மின் உற்பத்தி நின்றது. 1990-களில் ஒரு சர்க்கஸ் பள்ளி அங்கே குடிவந்தது. உலைக்கும் எந்திரங்களுக்கும் என்று உயர்த்திக் கட்டிய கூடங்களில் இப்போது மாணவர்கள் ஊஞ்சல் சாகசம் பழகுகிறார்கள்.