பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

பல வீடுகளின் அலமாரிகளில் பயன்படுத்தப்படாத மடிக்கணினி ஒன்றாவது இருக்கும். அதை முடுக்கினால் திரை தெளிவதற்கே சில நிமிடங்கள் ஆகும். இணையப்பக்கம் ஒன்றைத் திறந்தால் சுட்டி அசையாமல் நின்றுவிடும். “இது பழசாகிவிட்டது” என்று சொல்லி வீட்டினர் அதை மூடிவைத்துவிடுவர். ஆனால், மனிதருக்கு வயதாவதுபோல் கணினிக்கு வயதாவதில்லை. அதன் செயலி, வாங்கிய நாளில் ஒரு நொடியில் எத்தனை கணக்குகளைச் செய்ததோ, ஏறத்தாழ அத்தனை கணக்குகளை இன்றும் செய்ய வல்லது. அப்படியானால், அது மெதுவாக இயங்குவது ஏன்? அதைச் சரிசெய்ய முடியுமா?

இக்கேள்விகள் எவ்வளவு முக்கியமானவை என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூரின் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு முழுமையாக மாறின. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியில் மாறிமாறிப் பாடம் படித்த வீடுகள் பல. அப்போது சிங்கப்பூரின் ‘எஞ்சினியரிங் குட்’ எனும் அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கினர். ஒரு வீட்டில் குப்பை என ஒதுக்கப்பட்ட பொருள், இன்னொரு வீட்டில் வகுப்பறையானது.

நோய்நாடிப் பிறகு மருந்து

கணினி மெதுவாவதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணம் தெரியாமல் பணம் செலவழிப்பது வீண். முதலில், கணினியிலேயே உள்ள பணி மேலாளர் எனும் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். மையச் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவை எந்த அளவு வேலை செய்கின்றன என்பதை அது விழுக்காட்டில் காட்டும். எதன் எண் நெடுநேரம் 100ஐ ஒட்டியே நிற்கிறதோ, அங்கேதான் நெரிசல் இருக்கிறது. தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்திற்குப் பிறகு தளர்ந்து, விசிறியும் இரைந்தால், சிக்கல் பெரும்பாலும் வெப்பத்தில் இருக்கும்.

இதை ஒரு புரோட்டாக் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சமையற்காரர்தான் மையச் செயலி. அவர் மாவு வீசும் மேசை நினைவகம். பின்புறமுள்ள பொருள் அறை வன்தட்டு. மேசை சிறியதாக இருந்தால் மாவு, முட்டை, வெங்காயம் எல்லாவற்றையும் அங்கே வைக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் அவர் பொருள் அறைக்கு ஓடிவர வேண்டும். சமையற்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வாடிக்கையாளர் காத்திருக்கத்தான் வேண்டும். 4 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் இன்றைய இணைய உலாவியின் பல பக்கங்களை ஒரே நேரத்தில் திறக்கும்போது நடப்பதும் இதுதான். நினைவகத்தில் இடமில்லாததால், கணினி வன்தட்டின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வன்தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது.

முதல் வேலை: படியெடுத்தல்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதிலுள்ள படங்கள், பாடக்குறிப்புகள், கடிதங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பழுதான பாகத்தைக் கடையில் வாங்கிவிடலாம். மறைந்த தாத்தாவின் புகைப்படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்பது கணினித் துறையினர் பின்பற்றும் எளிய விதி. முக்கியமான கோப்பு ஒவ்வொன்றும் 3 படிகளாக இருக்க வேண்டும். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 படியாவது வீட்டுக்கு வெளியே, மேகச் சேமிப்பகம் போன்ற இடத்தில் இருக்க வேண்டும்.

தூசும் வெப்பமும்

செலவு மிகக் குறைந்த சிகிச்சை தூய்மைப்படுத்துதல். மையச் செயலி வேலை செய்யும்போது சூடாகிறது. அச்சூட்டைச் செப்புக் குழாய் ஒன்று உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது; விசிறி அதை வெளியேற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் தூசும் முடியும் அத்தகடுகளின் இடைவெளிகளை ஒரு கம்பளத்தைப்போல் அடைத்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாதபோது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

தூய்மைப்படுத்தும்போது கணினியை முழுமையாக அணைத்து, மின்னேற்றியைக் கழற்ற வேண்டும். கழற்றக்கூடிய மின்கலமாக இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மின்கலம் உள்ளே இருந்தால், அடிமூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பிறகு, உலோகக் குழாய் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்வது நல்லது. கையால் உணர முடியாத அளவு சிறிய நிலைமின் பாய்ச்சல்கூட நுண்சில்லுகளைப் பாழாக்கிவிடும். அழுத்தக் காற்றால் தூசை ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், அது அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகலாம்.

செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே பூசப்படும் வெப்பப் பசையும் காலப்போக்கில் காய்ந்து இறுகிவிடும். பழைய பசையை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து, புதிய பசையைச் சிறிதளவு இட வேண்டும். இது பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை.

கழற்றும் திருகாணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே, கணினியின் உருவத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே ஒட்டி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். நீளமான திருகாணியைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது உள்ளிருக்கும் பலகையைத் துளைத்துவிடக்கூடும்.

மேசையைப் பெரிதாக்குதல்

அடுத்தது, பாகங்களை மேம்படுத்துதல். எல்லா மடிக்கணினிகளிலும் இது இயலாது. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆனால், 2012இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி430 போன்ற பழைய கணினிகள் திருப்புளி ஒன்றாலேயே திறக்கக்கூடியவை. அதில் நினைவகத்திற்கு 2 செருகிடங்கள் உள்ளன. மொத்தம் 16 கிகாபைட் வரை பொருத்தலாம். இத்தகைய விவரங்களைக் கணினியின் அடியில் அச்சிடப்பட்டுள்ள மாதிரி எண்ணைக்கொண்டு தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் தெரிந்துகொள்ளலாம்.

நினைவகம் வாங்கும்போது அதன் தலைமுறையைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினிக்கான டிடிஆர்3 வகைப் பலகையில் 204 முனைகள் இருக்கும். டிடிஆர்4 வகையில் 260 முனைகள் இருக்கும். இரண்டிலும் உள்ள வெட்டுக்குழி வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தாததை வலிந்து அழுத்தினால் செருகிடம் உடைந்துவிடும்.

இருந்தாலும், பழைய மடிக்கணினி ஒன்றில் மிகப்பெரிய மாற்றத்தை ஏற்படுத்துவது வன்தட்டை மாற்றுவதுதான். வன்தட்டின் உள்ளே வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. மடிக்கணினிகளில் அவை பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுற்றும். தேவையான தகவல் சுழன்று வரும்வரை படிக்கும் முனை காத்திருக்க வேண்டும். இதற்கு 10 முதல் 20 மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பாகமே இல்லை, ஏறத்தாழ 0.1 மில்லிநொடியில் அது தகவலை எடுத்துத் தந்துவிடும். அதாவது, நூறு மடங்கும் அதற்கு மேலும் விரைவு. புரோட்டாக் கடையின் பொருள் அறையைச் சமையற்காரரின் கைக்கெட்டும் தூரத்திற்குக் கொண்டுவந்ததைப் போன்றது இது. நிமிடக்கணக்கில் எழுந்த கணினி, பல வேளைகளில் அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. கீழே விழுந்தாலும் திடநிலைச் சேமிப்பகம் வன்தட்டைப்போல் எளிதில் பழுதாவதில்லை.

மின்கலத்தில் விளையாட்டு வேண்டாம்

மடிக்கணினியில் இரண்டு மின்கலங்கள் இருக்கலாம். ஒன்று, தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவச் சிறு மின்கலம். பல ஆண்டுகளுக்குப் பின் அது தீர்ந்துபோனால், கணினி அணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறாக இருப்பதால், பாதுகாப்பான இணையத்தளங்கள்கூடத் திறக்க மறுக்கும். இணையம் பழுதென்று எண்ணிப் பலர் அலைவர். உண்மையில், தேவைப்படுவது ஒரு சிறிய மின்கலமே.

மற்றொன்று, கணினிக்கு ஆற்றல் தரும் லித்தியம் அயனி மின்கலம். மீண்டும் மீண்டும் மின்னேற்றப்படும்போது இதன் கொள்ளளவு குறைவது இயல்பு. ஆனால், அது உப்பியிருந்தால் நிலைமை வேறு. தொடுபலகை மேலெழும்புவது, கணினியின் மூடி சரியாகச் சேராமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். உப்பிய மின்கலத்தை அழுத்தவோ, குத்தவோ, மின்னேற்றவோ கூடாது, அது தீப்பற்றக்கூடும். அத்தகைய கணினியை உடனே அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். சிக்கனம் நல்லதுதான், உயிருக்கு ஆபத்து என்னும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல்

உடல் சரியானாலும் உயிர் வேண்டுமல்லவா? வன்பொருளுக்கு உயிரூட்டுவது இயங்குதளம். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தியது. விண்டோஸ் 11 இயங்குவதற்குப் புதிய பாதுகாப்புச் சில்லும், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள செயலியும் தேவை. 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெரும்பாலான செயலிகள் அப்பட்டியலில் இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறாத கணினியை இணையத்தில் இணைப்பது, பூட்டு பழுதான கதவோடு குடியிருப்பதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் கைகொடுப்பவை லினக்ஸ் இயங்குதளங்கள். லினக்ஸின் கருவகத்தை 1991இல் பின்லாந்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு விரலியில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணையம், ஒலி, படக்கருவி ஆகியவை சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகு நிறுவ முடிவெடுக்கலாம். ஆயினும், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் இயங்கா. பள்ளி எவற்றைப் பயன்படுத்துகிறது என்பதை முன்பே கேட்டறிவது அவசியம்.

தமிழ் மாணவர்க்கு இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது: தமிழ் விசைப்பலகையை அமைப்பது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விருப்பமான விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்குரிய விசைகளைக்கொண்டே 247 எழுத்துகளையும் தட்டெழுத முடியும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், இவ்வட்டாரத்தில் கணினித் தமிழுக்கு வழிவகுத்த மென்பொருள்களுள் முதன்மையானது. பழைய கணினியிலுள்ள தமிழ்க் கோப்புகள் சில, புதிய இயங்குதளத்தில் பொருளற்ற குறிகளாகத் தெரியலாம். யூனிகோடு முறை பரவுவதற்கு முன் வெவ்வேறு குறியேற்றங்கள் பயன்பட்டதே அதற்குக் காரணம். அவற்றை அழித்துவிடக் கூடாது. எழுத்துரு மாற்றிகளைக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றிப் படிக்கலாம்.

எப்போது விடைகொடுப்பது?

எல்லாக் கணினிகளையும் காப்பாற்ற முடியாது. தாய்ப்பலகை எரிந்திருந்தாலோ, திரையும் மின்கலமும் ஒருங்கே பழுதாகியிருந்தாலோ, செலவு புதியதன் விலையை நெருங்கிவிடும். அப்போது விடைகொடுப்பதே அறிவுடைமை. அதைக் குப்பைத் தொட்டியில் வீசுவது மட்டும் தகாது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 62 மில்லியன் டன் மின்கழிவு உருவானது, அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுபயனீடு செய்யப்பட்டதாக ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அறிக்கை கூறுகிறது. சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மின்பொருள் கடைகள் பழைய சாதனங்களைப் பெற்றுக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும். மலேசியாவில் மின்கழிவு, அட்டவணையிட்ட கழிவுகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. பிறரிடம் கொடுப்பதற்கு முன், சேமிப்பகத்திலுள்ள தகவல்களை மீட்க முடியாதவாறு அழித்துவிட வேண்டும். கோப்புகளைக் குப்பைக்கூடைக்கு அனுப்புவது மட்டும் போதாது.

ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம வெளியீட்டில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையில் உருவாகும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே, ஏற்கெனவே செய்யப்பட்ட கணினியை மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்க வைப்பது இயற்கைக்கும் நன்மை. குடும்பத்தின் பணப்பைக்கும் நன்மை. சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ இயக்கத்தில், தொண்டூழியர்கள் பொருள்களைத் தாங்களே சரிசெய்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கொண்டுவந்தவரையே அருகில் உட்காரவைத்துச் செய்யக் கற்றுக்கொடுக்கின்றனர். ஒருமுறை தன் கையால் மூடியைத் திறந்து, தூசைத் துடைத்து, கணினியை மீண்டும் எழவைத்த மாணவர், அடுத்த முறை “பழசாகிவிட்டது” என்று சொல்வதற்கு முன் “எது பழுதாகியிருக்கிறது?” என்று கேட்பார்.