வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும்

வில்லியம், இராபர்ட், ரிச்சர்ட் என்பவற்றைக் கேட்டதும் ஆங்கிலப் பெயர்கள் என்போம். ஆயினும், கி.பி. 1066-க்கு முன்னர் இங்கிலாந்து மக்கள் தம் பிள்ளைகளுக்கு இப்பெயர்களை இடுவது அரிது. இவை கடல் கடந்து வந்தவை.

ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த செருமானிய இனத்தார், இரு சொற்களை இணைத்துப் பெயர் அமைத்தனர். போர், புகழ், காவல், ஓநாய் முதலியன அவர்கள் விரும்பிய சொற்கள். வில்லியம் என்பதில் ‘விருப்பம்’, ‘தலைக்கவசம்’ என்னும் இரண்டும், இராபர்ட் என்பதில் ‘புகழ்’, ‘ஒளி’ என்னும் இரண்டும் அடங்கியுள்ளன. இணைந்த சொற்கள் பொருந்திய பொருள் தரவேண்டும் என்று அவர்கள் கருதவில்லை. பிராங்கியர் அரசி ஒருத்தியின் பெயர் பிரெடெகுண்ட்; அதன் முற்பகுதி அமைதியையும் பிற்பகுதி போரையும் குறிக்கும்! பெற்றோர் பெயர்களிலிருந்து ஒவ்வொரு சொல்லை எடுத்துக் குழந்தைக்கு இடுவதும் உண்டு. எத்தெல்ஸ்டன் என்பவருக்கும் உல்ப்கிபு என்பவருக்கும் பிறந்த மகன் உல்ப்ஸ்டன். பின்னாளில் வூஸ்டர் நகரின் ஆயரானவர். தந்தை பெயரிலிருந்த ‘கல்’ என்னும் சொல்லும், தாய் பெயரிலிருந்த ‘ஓநாய்’ என்னும் சொல்லும் அவர் பெயரில் கூடின.

உரோமப் பேரரசு தளர்ந்தபோது இவ்வினத்தார் தெற்கே சென்று ஆட்சி அமைத்தனர். நாளடைவில் தம் மொழியை மறந்தனர், பெயர்களை விட்டாரல்லர். ஸ்பெயினில் கோத்தியர் மொழி வழக்கொழிந்தது. அவர் வழிவந்த பெர்னாண்டோ என்னும் பெயர் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வாயிலாக அப்பெயர் நம் முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தது.

1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் முன்னோர், பிரான்சில் குடியேறிய வடபுலக் கடலோடிகள். அங்கே பிரெஞ்சு மொழியையும் பிராங்கியர் பெயர்களையும் அவர்கள் மேற்கொண்டனர். தோற்றவர் பெயர்களும் அதே செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. எனினும், வென்றவர் செவிக்கு அவை கரடுமுரடாக ஒலித்தன. 1075-இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்டெரிக் என்னும் சிறுவன், பத்தாம் வயதில் நார்மண்டியிலுள்ள மடத்திற்கு அனுப்பப்பட்டான். அவன் பெயர் அங்கிருந்த துறவியர்க்குப் பிடிக்கவில்லை. விட்டாலிஸ் என்று மாற்றிவிட்டனர். வளர்ந்து வரலாற்றாசிரியரான பின்னும், அவர் தம்மை ‘இங்கிலாந்தில் பிறந்தவன்’ என்றே குறித்துக்கொண்டார். முதலாம் ஹென்றி 1100-இல் மணந்த எடித் என்னும் அரசகுமாரியும் மெட்டில்டா எனப் பெயர் மாறினாள்.

அரண்மனை வழக்கத்தைக் குடிமக்களும் பின்பற்றினர். இரண்டு நூற்றாண்டுகளுக்குள் பழம்பெயர்களுட் பல மறைந்தன. எட்வர்ட் என்பது பிழைத்தது தற்செயலே எனலாம். மூன்றாம் ஹென்றி, பழைய ஆங்கில மன்னரும் புனிதருமான எட்வர்ட் மீது பேரன்பு கொண்டவர்; 1239-இல் பிறந்த தம் மகனுக்கு அப்பெயரையே சூட்டினார்.