இதழ் இடையறாது வர

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்ச் சிறுவர் பலர் பள்ளியில் தமிழ் பயில்வதில்லை. அவர்தம் கண்ணுக்குத் தமிழெழுத்து பழகியிருக்க, நாமே நடத்தும் கையெழுத்துத் திங்களிதழ் பெருந்துணை புரியும். அதனைத் தொடங்குதல் எளிது. இடையறாது நடத்துதலே அரிது.

திருமலையில் மார்கழியில் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. நாளுக்கு ஒன்றாக 30 பாசுரங்களும் முன்னரே வரிசைப்பட்டிருத்தலின், இன்றைக்கு எது என்ற தடுமாற்றம் எழுவதில்லை. நாமும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பன்னிரு திங்களுக்கும் பொருள் வகுத்து, எழுதுவோரையும் குறித்துவிடுதல் வேண்டும். புரட்டாசிக்குத் திருமலைப் பிரம்மோற்சவம். பங்குனிக்கு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலம் சேர்ந்த வரலாறு. எக்காலத்துக்கும் ஏற்ற இரு கட்டுரைகள் கையிருப்பில் இருக்குமாயின், எழுதுவோர் ஒருவர் நோயுற்றாலும் இதழ் தவறாது. எதிர்நோக்கும் குழந்தையும் ஏமாறாது.