மிளகாய்க்குப் பெயர் வைத்த கதை



எங்கள் ராமநாதபுரம் பக்கம் மாசி, பங்குனியில் களமெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். அம்மா கூலிக்கு மிளகாய்ப் பழம் பறித்துத்தான் என்னை டிப்ளமோ சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். முதல் வருடம் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றும். இரண்டு அரியர் விழுந்தது. நின்றுவிடலாம் என்றுதான் லீவுக்கு ஊருக்குப் போனேன்.

களத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டேன்: "ஏம்மா, இதுக்கு ஏன் மிளகாய்னு பேரு?"

"மிளகாட்டம் உறைக்குது, காயா இருக்கு. மிளகாய்! இதுக்கு ஒரு படிப்பா?" என்று சிரித்தார்கள்.

நூலகத்தில் தேடினேன். அம்மா சொன்னது சரி! மிளகு, காய் இரண்டும் சேர்ந்து மிளகாய். இது நம்ம ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் அங்கே கண்டது இதைத்தான். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை நம் குழம்புக்குக் காரம் மிளகுதான்.

மிளகு கொடி; மிளகாயோ கத்தரிக்காய், தக்காளிக் குடும்பத்துச் செடி. உறவே கிடையாது. ஆனால் நாக்குக்கு இரண்டும் ஒன்று. கன்னடத்திலும் மெணசு, காயி சேர்ந்து மெணசினகாயி. மலையாளத்தில் மிளகாயே 'முளகு' ஆகிவிட, பழைய மிளகு 'குருமுளகு' ஆயிற்று!

புதுசாக வந்ததைக் கண்டு நம் ஆட்கள் மிரளவில்லை. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடித்தார்கள்.

பிறகு என் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். ஹார்ஸ் பவர்! ஜேம்ஸ் வாட் செய்ததும் இதுதானே? நீராவி எஞ்சின் புதுசு, குதிரை எல்லோருக்கும் தெரியும். எஞ்சினின் வேலையைக் குதிரையின் வேலையோடு ஒப்பிட்டுச் சொன்னார். ஒரு ஹார்ஸ் பவர் 746 வாட் என்று வெறுமனே உருப்போட்டவனுக்கு அன்றுதான் அது புரிந்தது.

இப்போது புதுச் சொல் வந்தால் பயப்படுவதில்லை. இதற்குள் நமக்குத் தெரிந்தது எது என்று தேடுகிறேன். ஒரு அரியர் முடிந்துவிட்டது. இன்னொன்று பாக்கி. அதையும் முடிப்பேன். நீங்களும் தேடிப் பாருங்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்