கட்டாத வீட்டில் குடியேறியவர்கள்

சுவர்களும் தூண்களும் மட்டும் உள்ள ஒரு கட்டடப் படத்தைக் காட்டி, இது எத்தனை அடி உயரம் என்று கேட்டால் தேர்ந்த பொறியாளரும் சற்றுத் தயங்குவார். அதே படத்தில் வாசலருகே ஒரு பெண் நின்றால் கேள்வியே எழாது. அவளை வைத்துக் கதவையும், கதவை வைத்து மாடியையும் கண் தானாகவே அளந்துவிடும். இன்னும் கட்டப்படாத வீட்டைக் கணினியில் உருவாக்கிக் காட்டும் 3டி படங்களில் மனிதர்களும் மரங்களும் நாற்காலிகளும் இடம்பெற முதல் காரணம் இதுதான்.

இந்தப் பழக்கம் கணினியைவிடப் பழையது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் மரியன் மஹோனி கிரிஃபின், புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் வரைந்த படங்களில் வீட்டைச் சுற்றி இலையும் கொடியும் கிளையும் அடர்ந்திருக்கும். ஜப்பானிய அச்சுப் படங்களின் சாயலை அவற்றில் காணலாம். 1910இல் பெர்லினில் அச்சேறத் தொடங்கிய ரைட்டின் படத்தொகுப்பு ஐரோப்பியர்களை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் கணிசமானவை மரியனின் கைவண்ணத்தை ஒட்டியவை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை வடிவமைக்கும் போட்டியில் 1912இல் அவர் கணவர் வால்டர் பர்லி கிரிஃபின் வென்றதற்கும் மரியன் தீட்டிய படங்கள் பெருந்துணை. பின்னாளில் இருவரும் லக்னோவில் பணியாற்றினார்கள். வால்டர் 1937இல் அங்கேயே காலமானார். மரியனின் பங்கு உரிய வெளிச்சத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. கட்டடத்தைச் சுற்றியிருப்பதை வரைபவரை இரண்டாம் வரிசையில் உட்காரவைக்கும் வழக்கம் அவ்வளவு ஆழமானது.

பிறகு தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் தாள்களில் மரங்களும் ஆட்களும் கார்களும் வந்தன. அதன்பின் போட்டோஷாப் வந்தது.

புகைப்படத்திலிருந்து ஓர் ஆளை வெட்டியெடுத்துக் கட்டடப் படத்தில் வைப்பது எளிது. அவர் அங்கேயே நிற்பதாக நம்பவைப்பதுதான் கடினம். நிற்கும் ஒருவரின் கண் உயரத்திலிருந்து சமதளத்தைப் பார்ப்பதாகப் படம் அமைந்தால், ஏறத்தாழ அதே உயரமுள்ள எல்லோருடைய கண்களும் ஒரே கிடைக்கோட்டில் வரவேண்டும். அருகில் நிற்பவர் பெரிதாகவும் தொலைவில் நிற்பவர் சிறிதாகவும் தெரிந்தாலும் இந்தக் கோடு மாறாது. பாதங்கள்தான் மேலும் கீழுமாக அமையும். கோட்டுக்கு மேலே ஒரு தலை துருத்தினால், ஒன்று அவர் படியில் நிற்கிறார், அல்லது வரைந்தவர் தவறிவிட்டார்.

அடுத்தது வெயில். மேகமூட்டமான நாளில் எடுத்த ஆளை உச்சிவெயில் முற்றத்தில் நிறுத்தினால் ஒட்டவைத்தது பளிச்சென்று தெரிந்துவிடும். சுவருக்கு இடப்பக்கமிருந்து ஒளி வரும்போது முகத்தில் வலப்பக்கம் வெளிச்சம் விழக்கூடாது. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருமை இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். அருகில் கண்ணாடிக் கதவு இருந்தால் அதில் அவர் பிம்பமும் தெரியவேண்டும். லூமியன், ட்வின்மோஷன், என்ஸ்கேப் போன்ற இன்றைய மென்பொருள்கள் ஆட்களையும் மரங்களையும் முப்பரிமாண உருவங்களாகவே தருவதால் நிழலையும் பிம்பத்தையும் கணினியே கணக்கிட்டுவிடுகிறது. எங்கே யாரை நிறுத்துவது என்ற முடிவு மட்டும் இன்னும் மனிதருடையது.

அறைக்குள் நுணுக்கம் இன்னும் கூடும். நிஜ மேசையின் விளிம்பு எதுவும் முழுக் கூர்மையாக இருப்பதில்லை. லேசாக மழுங்கிய அந்த விளிம்பில்தான் ஒளி பட்டு மின்னும். கணினி மேசைக்கும் அந்த மழுங்கலைக் கொடுக்கவேண்டும். மெத்தையில் ஒரு சுருக்கம், சற்றே கோணலாக ஒரு புத்தகம் என்று வைத்தால் அறையில் ஆள் நடமாட்டம் வந்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஐக்கியா அறைகலன் நிறுவனம் 2006இல் ஒரு மர நாற்காலியை இப்படிக் கணினியில் உருவாக்கிப் பார்த்தது. 2014 வாக்கில் அதன் பொருட்படங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கேமரா தொடாதவை.

யாரைப் படத்தில் வைக்கிறோம் என்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. ஸ்வீடன் கட்டடக்கலைஞர் தியோடர் ஜவனாட் எம்டென் 2011இல் தொடங்கிய 'ஸ்கால்குப்பர்' என்ற இணையத் தொகுப்பு, வெட்டியெடுத்த ஆட்களின் படங்களை இலவசமாகத் தந்தது. உலகெங்கும் மாணவர்கள் அதை ஆவலோடு பயன்படுத்தினார்கள். விளைவாக, எந்த நாட்டுக் கட்டடப் படத்திலும் குளிர்கால உடை அணிந்த ஸ்காண்டிநேவியர்கள் நடமாடத் தொடங்கினார்கள். அதற்கு மாற்றாக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள், பிற இன மக்களின் படங்களைத் திரட்டி 'நான்ஸ்காண்டிநேவியா' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள்.

நம் ஊர்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. மதுரைக்கோ கோவைக்கோ வரைந்த குடியிருப்பில் கோட்டு அணிந்த வெள்ளையர் மடிக்கணினிப் பையோடு நடப்பார். தடியூன்றிய பாட்டி இருக்கமாட்டார், சைக்கிளில் வரும் பால்காரர் இருக்கமாட்டார். வாசல் கோலம், துணிக்கொடி, ஏ.சி.யின் வெளி யூனிட், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எதுவும் இருக்காது. இது அழகு சார்ந்த குறை மட்டும் அல்ல. பாட்டியைப் படத்தில் வைத்திருந்தால் நுழைவாயிலில் கைப்பிடி இல்லை என்பது வரைந்தவர் கண்ணிலேயே பட்டிருக்கும். துணிக்கொடியை வரைந்திருந்தால் அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

மரங்கள் இன்னொரு சிக்கல். மாடிகளில் மரம் வளர்ப்பது முடியாத காரியம் அல்ல. மிலான் நகரில் 2014இல் திறக்கப்பட்ட போஸ்கோ வெர்ட்டிகாலே கோபுரங்களில் சுமார் 800 மரங்கள் நிற்கின்றன. அதற்கு ஆழமான மண் தொட்டிகள், எடை தாங்கும் கான்கிரீட், காற்றில் சாயாதபடி கட்டும் ஏற்பாடு, கயிற்றில் தொங்கிக் கிளை கழிக்கும் ஆட்கள் என எல்லாம் தேவைப்பட்டன. கணினியில் மரம் வைக்க ஒரு சொடுக்கு போதும். பிரோஷரில் நிழல் தரும் பெருமரம், குடியேறும் நாளில் இடுப்பளவுக் கன்றாக நிற்பது இதனால்தான்.

வீடு வாங்குவோர் அந்தப் படத்தைப் பத்திரப்படுத்துவது நல்லது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்புக்கு உள்ளானவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தரவேண்டும். திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தரவேண்டும்.